வாய் திறந்திருப்பவர்களுக்குக் கதை சொன்ன விவரம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியாகிய பல் வைத்தியன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் தம்பி பெண்டாட்டியும் சௌக்கியம். அங்கு நீயும் அத்தானும், உன் இடது கீழ்க் கடைவாய்ப் பல் நீங்கலாக, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தப் பல்லைப் பிடுங்க வருகிற செவ்வாய்க்கிழமை என்னிடம் வருவதாக இருந்த நீ, "உன் ஆஸ்பத்திரியில என்னென்னவோ நடக்குதாமே, நான் வரல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். யார் உன் காதில் என்ன போட்டார்களோ தெரியாது. நடந்தது முழுவதையும் நானே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்.

முதலில், இதற்கெல்லாம் காரணம் நீதான் என்பதை மரியாதையுடன் நினைவூட்டுகிறேன். போன வருஷக் கடைசியில் எதிர்வரிசையில் ஒரு இளம் பல் டாக்டர் வந்து, கூரையில் டிவி மாட்டி, படுத்தபடியே படம் பார்க்கலாம் என்று போர்டும் வைத்ததும், என் நோயாளிகள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து போனார்கள். உன்னிடம் புலம்பினேன். நீ என்ன சொன்னாய்? "நீ பாட்டுக்கு ஊமை மாதிரி வாய்க்குள்ள குடைஞ்சுகிட்டிருந்தா யாருக்குத்தான் பயமா இருக்காது? ஏதாவது பேசு. கதை சொல்லு." எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். என் கல்யாணத்தன்று நான் மொத்தமே மூன்று தடவைதான் வாயைத் திறந்தேன், அதில் ஒன்று தும்மல். ஆனாலும் உன் பேச்சைத் தட்டாமல், நூலக மாடியில் சனிக்கிழமைதோறும் நடக்கும் கதை சொல்லும் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பு எடுப்பவர் முப்பது வருஷம் ஏலம் விட்டவர். தொண்டை இன்னும் ஓய்வு பெறவில்லை. கையில் ஏலச் சுத்தியலோடுதான் வகுப்புக்குள் வருவார். "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கதைனா அவ்வளவுதான். ராஜா மகன் ரெண்டு தரம் தோக்கணும், மூணாவது தரம் ஜெயிக்கணும். நாலாவது தரம் போனா ஜனம் எழுந்து போயிடும்" என்று மேஜையில் ஒரு போடு போடுவார். என்னோடு படித்தது ஒரு போலீஸ் ஏட்டம்மா. அவர் எந்தக் கதையைச் சொன்னாலும் "சுமார் பத்தரை மணியளவில் மேற்படி நரியானது" என்றுதான் தொடங்குவார். எனக்கோ வேறு கோளாறு. "ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாரு. அவருக்கு மேல்வரிசையில ரெண்டு பல் சொத்தை" என்று ஆரம்பித்து, கீழ்வரிசையை முடித்து, ஈறுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். "டாக்டர், தயவுசெஞ்சு ராஜாவோட வாயை மூடுங்க" என்று வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது உம் கொட்டுவது. "கேக்கறவரு உம் கொட்டணும். அதுதான் கதைக்கு மூச்சு. உம் நின்னா நீங்களும் நிறுத்திடணும்" என்றார். இதை அப்படியே மனதில் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வந்த முதல் நோயாளியான தபால்காரரிடம் கதையைத் தொடங்கினேன். அக்கா, வாயை 'ஆ' என்று திறந்து வைத்திருக்கும் மனிதன் எப்படி உம் கொட்டுவான்? இதை வகுப்பில் யாரும் யோசிக்கவில்லை. தபால்காரர் "ஆ" என்றார். சரி, இவருடைய உம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து நானும் குரலை ஏற்றினேன். அவர் "ஆஆ" என்றார். என் வாழ்க்கையில் நான் பேசி ஒருவர் இவ்வளவு ஈடுபட்டது அதுவே முதல்தடவை. புலி பாயும் கட்டத்தில் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பிறகுதான் நர்ஸம்மா என் காதருகே வந்து, "டாக்டர், மரத்துப் போற ஊசி இன்னும் தட்டுலயே இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து உம் கொட்டும் பொறுப்பை நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். பதினோரு வருஷமாகப் பஞ்சை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாள் இப்படி ஒரு ஆளாக இருப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. சந்தேக உம், இரக்க உம், "அப்படிப் போடு" உம் என்று விதவிதமாகக் கொட்டினார். நோயாளிகள் என்னைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் கதையில் ஒரு அண்ணன் தம்பியை ஏமாற்றுவதாகச் சொன்னேன். "ம்ஹூம்" என்றார். "என்ன ம்ஹூம்?" என்றேன். "அவன் அப்படிச் செய்ய மாட்டான் டாக்டர்" என்றார். "கதை என்னுது, அவன் செய்வான்" என்றேன். "அப்ப உம் கொட்ட வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று பஞ்சையும் கீழே வைத்துவிட்டார். நாற்காலியில் இருந்தவர் வாயில் குழாயோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் அண்ணனைத் திருத்தினேன்.

பிறகுதான் பூட்டுக்காரன் கதை வந்தது. ஒரு பூட்டுக்காரன் வெட்டவெளி வழியாகப் போகிறான். வீடு இல்லை, சுவர் இல்லை, நடுவில் ஒரு கதவு மட்டும் நிற்கிறது. பூட்டியிருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டுகிறார்கள். இவன் சுற்றிப் போய்ப் பார்க்கிறான், யாரும் இல்லை. திரும்பி வருகிறான், மறுபடி தட்டுகிறார்கள். அவ்வளவுதான், எனக்கு அதற்குமேல் தெரியாது. ரூட் கெனாலுக்கு ஒருவர் மூன்று தடவை வரவேண்டும், வாத்தியார் சொன்ன மூணு தரத்துக்கும் சரியாக இருக்கிறதே என்று கதையையும் மூன்றாகப் பிரித்து, தட்டும் இடத்தில் நிறுத்தி, "மிச்சம் அடுத்த வாரம்" என்று அனுப்பினேன். முடிவை அப்புறம் யோசித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அக்கா, எதிர்வரிசைக்குப் போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். வந்தவர்களோடு பல் வலி இல்லாதவர்களும் வந்தார்கள். தையல்கார அம்மாள் ஒருவர் நல்ல பல்லைக் காட்டி "இதைப் பிடுங்குங்க" என்றார். "இது கல்லு மாதிரி இருக்கேம்மா" என்றேன். "பரவாயில்ல டாக்டர், பிடுங்கும்போது கதையைச் சொல்லுங்க" என்றார். பல்செட்டு கட்டிய ஓய்வு பெற்ற காவலாளி ஒருவர், மூன்று வாரமாக ரூட் கெனாலுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு வேரே இல்லையே ஐயா" என்றால், "இருக்கட்டும், உங்களுக்குச் சிரமம் இல்லாம ஒரு ஓரமா இருக்கேன். வீட்டுல செவுரைத்தான் பாக்கணும்" என்பார்.

போன வியாழக்கிழமை எல்லாம் வெடித்தது. மூன்றாம் தவணைக்கு வந்த பதினேழு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, தட்டுவது யார் என்று சொல்லாமல் யாரும் வாயைத் திறப்பதில்லை என்று உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பல் டாக்டரின் அறையில் பதினேழு மூடிய வாய். கூட்டத்தில் எதிர்வரிசை டாக்டரும் இருந்தார். "எனக்கும் மூணு நாளா தூக்கம் இல்ல சார்" என்றார். நான் வியர்த்துப்போய் வாத்தியாருக்குப் போன் செய்தேன். அவர் சுத்தியலோடு வந்தார். வந்தவர் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, இடுக்கித் தட்டில் ஒரு போடு போட்டார். "டாக்டர்கிட்ட முடிவு இல்ல. உங்கள்ல யார்கிட்டயாவது இருந்தா ஏலத்துக்கு வரலாம். வேணுங்கறவங்க கையைத் தூக்குங்க. தட்டறது அவன் பொண்டாட்டி. ஒரு தரம்." ஏழு கை எழுந்தது. "கதவைச் செஞ்ச தச்சன். ஒரு தரம்." ஒன்பது கை. "எங்க வீட்டுக்காரரு" என்று தையல்கார அம்மாள் குரல் கொடுத்தார். யாருடைய வீட்டுக்காரர் என்பதில் சண்டை வந்தது.

இதற்குள் நாற்காலியில் இருந்த காவலாளி ஐயா கையைத் தூக்கினார். பல்செட்டு ஆடுகிறது என்று சொல்லி, கூட்டம் வருவதற்கு முன்பே அவர் அதில் உட்கார்ந்திருந்தார், நானும் செட்டைக் கழற்றி வைத்திருந்தேன். என் அறையில் கை தூக்கினால் வலிக்கிறது என்று அர்த்தம். நான் பதறிப்போய் "எங்க வலிக்குது?" என்றேன். வாத்தியாரோ, "நாற்காலியில இருக்கற ஐயா கேக்கறாரு, மூணு தரம்" என்று சுத்தியலை இறக்கிவிட்டார். அவர் கை தூக்கியது வலிக்கும் இல்லை, ஏலத்துக்கும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, பல் இல்லாத வாயால் மீதிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். "ஃபூத்துக்காரன் கதவ… ஃபஃபா… வ்வந்து" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை விளங்கவில்லை. நர்ஸம்மா உம் கொட்டினார். கொஞ்சநேரத்தில் எல்லோருமே கொட்டினார்கள். கால் மணி நேரம் சொன்னார். முடித்ததும் எதிர்வரிசை டாக்டர் மூக்கை உறிஞ்சினார். ஒவ்வொருவராக எழுந்து, அவர் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

நர்ஸம்மாவிடம் கேட்டேன், தட்டியது அவன் அம்மா என்றுதான் ஐயா சொன்னார், அதில் சந்தேகமே இல்லை என்றார். எதிர்வரிசை டாக்டர், செத்துப்போன நண்பன் என்று ஐயா தெளிவாகச் சொன்னார் என்றார். தையல்கார அம்மாளுக்கு அது வீட்டுக்காரரேதான். வாத்தியார், எனக்கென்று எழுதி வைத்திருந்த கதை வகுப்புச் சான்றிதழில் பேரை அடித்துவிட்டுக் காவலாளி ஐயா பேரை எழுதிக் கொடுத்தார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறு. அத்தனை பேருக்கும் ஏதோ ஒன்று கேட்டிருக்கிறது. எனக்கு மட்டும் அந்தக் கால் மணி நேரமும் அவருடைய ஈறுதான் தெரிந்தது. நல்ல ஈறு. ஆனால் அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. முகத்தைப் பார்க்கத் தெரியாதவன் கதை சொல்லக் கிளம்பியது தப்பு என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே அக்கா, இனி என் ஆஸ்பத்திரியில் கதை கிடையாது. வகுப்பிலிருந்தும் நின்றுவிட்டேன். நீ தைரியமாக வரலாம். ஊசி போடுவேன், பிடுங்குவேன், பஞ்சு வைப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். இது சத்தியம்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் சர்க்கரையைக் குறைக்கட்டும். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், இரண்டு வேளையும் பல் துலக்குவார்கள் என்ற நம்பிக்கையுடன்.

உன் சொல்லைக் கேட்டே கெட்டுப்போகும்,
தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் வாத்தியார் வந்தார். அவருக்குப் பல்லில் பெரிய வேலை இருக்கிறதாம், அமைதி வேண்டுமென்று எதிர்வரிசை டாக்டரிடம் போகிறாராம். ஒரு மாதத்துக்கு அவரால் வாயைத் திறந்து பேச முடியாது. அதுவரை சனிக்கிழமை வகுப்பை நான்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லிச் சுத்தியலைக் கையில் கொடுத்துவிட்டார், நானும் வாங்கிக்கொண்டுவிட்டேன். முதல் பாடம், கதையை எங்கே நிறுத்துவது. ஒத்திகை பார்க்க, எழுந்து போகவும் குறுக்கே பேசவும் முடியாத ஒரு ஆள் எனக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. செவ்வாய்க்கிழமை கட்டாயம் வா.