கொசுத்தேனீக்களுக்கு நான் வீடு மாற்றிக் கொடுத்த கதை

நைட் ஷிப்ட் முடித்து வருகிறவனை நம்பி யாரும் ஒரு வேலையை ஒப்படைக்கக் கூடாது. அந்த நேரத்தில் உடம்பு படுக்கச் சொல்லும். வாய் மட்டும் எதை வேண்டுமானாலும் செய்து முடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரகடத்தில் நான் குடியிருந்தது கஸ்தூரி அக்காவின் லைன் வீட்டில். தென்காசிப் பக்கமிருந்து எட்டாம் வகுப்போடு கிளம்பியவன், திருப்பூரில் பனியன் மடித்து, ஓசூரில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்து, கடைசியில் இங்கே ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்திருந்தேன். அறை கிடைக்கும்வரை பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். (கொசு அதிகம். மற்றபடி நல்ல காற்றோட்டம்.) அதனால் அக்கா கொடுத்த அந்த ஒற்றை அறையின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அக்காவின் வீட்டு வாசற்கதவை ஒட்டி, தலை உயரத்தில் ஒரு பழைய மரப்பெட்டி. கரண்ட் மீட்டர் இருந்த பெட்டி. மீட்டர் வேறு சுவருக்குப் போய்விட்டதால் அது காலி என்று அக்கா நினைத்திருந்தார். உள்ளே கொசுத்தேனீக்கள் குடித்தனம் நடத்தின. கொசுவைவிடக் கொஞ்சம் தடிமன், கருப்பு, கொடுக்கால் கொட்டத் தெரியாத இனம். ஒயர் நுழையும் ஓட்டையில் பிசினும் மெழுகும் சேர்த்து ஒரு சின்னக் குழல் கட்டி, அதன் வாயில் நாலைந்து பேர் காவல் நிற்பார்கள். எங்கள் கம்பெனி கேட்டைவிடக் கண்டிப்பு. முன்பெல்லாம் மரப்பொந்தில் இருந்த கூட்டம்தான். மரங்கள் போய் ஷெட்டுகள் வந்தபின் கிடைத்த ஓட்டையில் ஒண்டிக்கொண்டன. நானும் அப்படித்தான் என்பதால், ஷிப்ட் முடிந்து வந்தால் கொஞ்ச நேரம் அவற்றை வேடிக்கை பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகள் நித்யாவைப் பெண் பார்க்க வல்லக்கோட்டையிலிருந்து வருவதாக இருந்தது. முந்தின நாள் மாலை, நான் வேலைக்குக் கிளம்பும்போது, அக்கா மண்ணெண்ணெய் பாட்டிலோடு பெட்டியின் கீழே நின்றார்.

"யக்கா, ஊத்தாதீக! பெட்டியோட பேத்து மொட்ட மாடில வச்சிருதேன். எங்க ஊர்ல இது நமக்குக் கைவந்த வேலை."

(எங்கள் ஊரில் நான் தேனைப் பார்த்தது நாட்டு மருந்துக் கடையில்.)

"மெய்யாலுமே தெரியுமா உனக்கு?"

"போன்ல வீடியோகூடப் பாத்திருக்கேன்."

"தோ பாரு. மாப்ள வூட்டுக்காரங்க மேல ஒரு பூச்சி ஒக்காந்துது, அதுங்களுக்குக் கிருஷ்ணாயிலு, உனக்குத் தெரு. ரெண்டு பேரையும் ஒண்ணாக் காலி பண்ணிடுவேன்."

மறுநாள் காலை வேலை முடிந்து வந்து, டீ குடித்து, வெயில் நன்றாக ஏறியபின் வேலையைத் தொடங்கினேன். அவசரப்படவில்லை. எல்லாரும் அசந்து தூங்குகிற நேரமாகப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று கணக்கு. குழலின் வாயைத் துணியால் அடைத்து, திருகாணிகளைக் கழற்றினேன். எதிர்ப்பே இல்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பெட்டியை வைத்துத் துணியை எடுத்துவிட்டு, சாதித்த களைப்பில் அறைக்கு வந்து படுத்தேன்.

அலறல் கேட்டு எழுந்தேன்.

வாசலில், பெட்டி இருந்த இடத்துக்கு நேராக, ஒரு கருப்பு மேகம். மனிதத் தலை உயரத்தில் அப்படியே நின்று சுழன்றது. அதன் நடுவில் மாப்பிள்ளையின் அம்மா. தலை நிறைய எண்ணெய், மல்லிகைப் பூ. தேனீக்களுக்கு வேறு என்ன வேண்டும்?

"ஐயோ, காதுல பூந்துடுச்சிடா தினேசு!"

லுங்கியோடு ஓடினேன். "பயப்படாதீகம்மா! கொட்டாது! முடியக் கவ்விக் கடிக்கும், அவ்வளவுதான்!"

இந்த ஆறுதல் அவருக்குப் போதவில்லை. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு சுற்றினார். மாட்டிக்கொண்ட தேனீக்கள் உள்ளேயே சுற்றின. கஸ்தூரி அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய், ஒரு கையில் மண்ணெண்ணெய் பாட்டிலோடும் மறு கையில் என் அறைப் பூட்டோடும் வந்தார். எனக்குப் பஸ் நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சின் குளிர்ச்சி முதுகில் தெரிந்தது.

மாப்பிள்ளை தினேஷ் மட்டும் கத்தவில்லை. அவரும் ஷிப்ட் வேலைக்காரர், வல்லம் வடகாலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். புருவத்தில் ஒரு தேனீ நடைபோட, சுவரில் இருந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

"இங்க இன்னாபா இருந்துது?"

"அதுக பெட்டி. கழத்தி மாடில வச்சிருக்கேன்."

"எப்ப கயட்டின?"

"காலைல பத்து மணிக்கு. எல்லாரும் தூங்குத நேரம்னு…"

"யாரு தூங்குவா பத்து மணிக்கு? நீயும் நானும் தூங்குவோம்! அதுங்களுக்கு டே ஷிப்ட்டுபா. வேலைக்குப் போனவன் வூட்டுக்கு வந்தா வூட்டையே காணோம். வாசல்ல நின்னுகினு கத்தாம இன்னா பண்ணுவான்?"

கதவுக்குப் பின்னாலிருந்து நித்யா வாய்விட்டுச் சிரித்தாள். மாப்பிள்ளை காது சிவந்தது. (தேனீக் கடி என்று பிறகு சொன்னார்.)

"யக்கா, ஒரு பத்து நிமிசம் குடுங்க" என்று மாடிக்கு ஓடிப் பெட்டியைக் கொண்டுவந்தேன். திருகாணிகளைக் காணோம். வேறு வழியில்லை, பெட்டியைப் பழைய இடத்திலேயே சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்று இறங்கியது. காவல்காரர்கள் மோந்து பார்த்து உள்ளே விட்டார்கள். அப்புறம் பத்து, அப்புறம் வரிசை. உள்ளே கேசரியும் காபியும் நடந்தன. பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். நான் வாசலில் துவாரபாலகன்போல் நின்றேன், லுங்கியில், மூக்கு நுனியில் ஒரு தேனீயோடு. தும்மல் வந்தது, விழுங்கினேன். அக்கா பாட்டிலைக் கீழே வைக்கவே இல்லை.

மேகம் கரைந்து சுவர் தெரியத் தொடங்கியபோது, தினேஷின் அம்மா வெளியே வந்தார். கொண்டையிலிருந்து கடைசித் தேனீயை எடுத்து, பெட்டியின் வாயருகே விட்டார்.

"பொண்ணு புடிச்சிருக்கு கஸ்தூரி. பூச்சிதான் புடிக்கல."

"எனக்குப் பூச்சியும் புடிச்சிருக்கும்மா" என்றார் தினேஷ். "நம்ம வூட்டாண்ட முருங்க பூத்துக் கெடக்குது. பொழுது சாஞ்சு எல்லாம் உள்ள போனப்புறம் நானே வந்து எடுத்துகினு போறேன். அவ்ளோ தூரம் போயிட்டா திரும்பி இங்க வராதுங்க."

சாயங்காலம் எதற்காக மறுபடி வருகிறார் என்று அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. அக்கா பாட்டிலை அடுப்படிக்குக் கொண்டுபோனார். போகிற போக்கில் பூட்டை என் தோளில் எறிந்துவிட்டுப் போனார். என் லுங்கி மடிப்பிலேயே கிடந்த திருகாணிகளைப் போட்டுப் பெட்டியை மாட்டிவிட்டு, நான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு நிம்மதியான தரை அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

வல்லக்கோட்டைக்குப் புகுந்த வீடு போன முதல் ஆள் நித்யா அல்ல, கொசுத்தேனீக்கள்தான். இன்றும் அங்கேதான் இருக்கின்றன. இந்தக் கதையைக் கஸ்தூரி அக்கா என் கல்யாணத்திலேயே என் மனைவியிடம் சொல்லிவிட்டார். ஓர் இடத்தில் காலூன்றுகிற ஆள் நான் இல்லை என்பதால், அதன்பின் பல வீடு மாறியாயிற்று. ஒவ்வொரு முறையும் சாமான் வண்டி கிளம்பும்போது அவள் கேட்பாள்:

"ஏங்க, எல்லாரும் ஏறியாச்சான்னு எண்ணிட்டீகளா? யாரும் ஷிப்ட்டுக்குப் போயிருக்கப் போறாக."

இருப்பதே நாங்கள் இரண்டு பேர். ஆனாலும் ஒரு தடவை எண்ணிவிட்டுத்தான் ஏறுகிறேன்.