முழுசாக வந்தால்தான் பேக்கப்

2005ஆம் ஆண்டு. சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் ஒரு சிறு அச்சகம். உரிமையாளர் நவ்ஷாத். கணினி ஒன்று, அதில் லேபிள் வரைபவர் அவர் மனைவி முஹ்சினா. வருமானத்தில் பாதி, ஒரே ஒரு பட்டாசுக் கம்பெனியின் மயில் லேபிளிலிருந்து. சனிக்கிழமைதோறும் ஹார்டு டிஸ்க் முழுவதும், விண்டோஸ் முதல் அழிக்க மறந்த குப்பை வரை, இமேஜ் என்னும் ஒரே நகலாக டிவிடிகளில் ஏற்றப்பட்டது. இவை விவரங்கள்.

இனி இனத்தை அறிவிக்கலாம்: நவ்ஷாத் ‘முழு பேக்கப்’ மனிதர். எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் பட்டாசு மருந்து அறைகளை இடைவெளி விட்டுக் கட்டும் ஊரில் பிறந்தவராதலால், நகல்களையும் அவ்வாறே பிரித்து, ஒன்றை அச்சகத்திலும், ஒன்றை விஸ்வநத்தம் நண்பர் வீட்டிலும், ஒன்றை வெம்பக்கோட்டை மைத்துனர் பீரோவிலும் வைத்து, ஒன்று வெடித்தாலும் மற்றது பிழைக்கும் என்று கடைத்தெருவில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி விளக்கி, அவர் நழுவினால் கூடவே நடந்தும் விளக்குவார். அந்த நகலை ஒருமுறையேனும் வேறொரு கணினியில் இறக்கிப் பார்த்தாரா? சந்தேகப்படுவது அவர் குணத்திலேயே இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள் மின்னழுத்தம் எகிறி, மதர்போர்டும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து கருகின. நவ்ஷாத் முகத்தில் கல்யாணக் களை! இந்த நாளுக்காகத்தானே இத்தனை சனிக்கிழமைகள்? புதுக் கணினி வந்தது, இமேஜ் இறங்கியது, விண்டோஸ் கண் விழித்து, தன் பழைய மதர்போர்டைத் தேடி, காணாமல், திரை நீலமாகி நின்றது. மறுபடி இறக்கினார். மறுபடி நீலம்.

மயில் பட்டாசுக் கம்பெனியின் மேனேஜர் சோணைமுத்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

“பாய், மயில் மட்டும் போதும். வெள்ளிக்கிழமை லோடு ஏத்தணும்.”

“வருது அண்ணாச்சி. முழுசா வருது.”

“முழுசா எனக்கு எதுக்கு?”

முஹ்சினா திரையை எட்டிப் பார்த்தார். “ஏங்க, நகலைத் திறந்து வேணுங்குற ஃபைலை மட்டும் எடுக்கலாம்னு இங்கன போட்டிருக்கே?”

“பிரியாணிச் சட்டியில கறியை மட்டும் பொறுக்கச் சொல்றியா? முழுசா வந்தாத்தான் பேக்கப்!”

“வந்தவுக பசியோட இருக்காக. கறி மட்டும் போதும்ங்காக.”

மவுஸை அவர் யாரிடமும் தரவில்லை. வியாழக்கிழமை, அதே பழைய மதர்போர்டைத் தேடி மதுரைக்குப் பஸ் ஏறினார். தேநீர் கொதிக்கும் நேரத்தில் முஹ்சினா மயிலை வெளியே எடுத்து, போன் போட்டார்.

“மயில் கெடச்சிருச்சு அண்ணாச்சி.”

“நீ நல்லா இருக்கணும் தாயி. ஆனா நேத்தே வேற அச்சகத்துல கழுகைப் போடச் சொல்லிட்டேன். லேபிள் ஓடிக்கிட்டிருக்கு.”

நவ்ஷாத் வெறுங்கையோடு திரும்பினார், சோர்வடையவில்லை. புதுக் கணினியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றி, அந்தச் சனிக்கிழமையே அதை முழுசாக நகலெடுத்து, ஆலங்குளத்திலும் ஒன்று வைத்தார்.

சிரியுங்கள் வாசகரே. ஆனால் உங்கள் பீரோவிலும் உங்கள் கையெழுத்தில் ‘எல்லாம்’ என்று எழுதிய டிவிடி ஒன்று உறங்குகிறதல்லவா? அதைக் கடைசியாக எந்தக் கணினியில் திறந்து பார்த்தீர்கள்? அவசரமில்லை, யோசியுங்கள். அந்தக் கம்பெனிப் பெட்டிகளில் நான்கு ஆண்டுகளாகக் கழுகுதான் பறந்துகொண்டிருக்கிறது.