ஏழாம் நம்பர் மலைக்கு அடியில்

"படம் எங்கடி?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டான் கஜேந்திரன்.

"எந்தப் படம்?" லோஜினி தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"குகைப் படம். நேத்து இந்த மேசையிலதான வச்சேன்!"

கட்டாரிலிருந்து மச்சான் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவி அனுப்பியிருந்தார். பள்ளிக்கூட வயதில் கஜேந்திரன் விளையாடிய பாதாளக் குகை விளையாட்டு, இப்போது புது மெருகும், இளவரசியைக் காப்பாற்றும் புதுக் கதையுமாக அதற்குள் மீண்டும் வந்திருந்தது. வழி தவறாமலிருக்க அவன் படம் வரைந்துகொண்டே இறங்குவான். தோட்டத்து ஆபீஸ் கிளாக்கருக்குத் தாளுக்கா பஞ்சம்? கழித்துப்போட்ட தாள்களின் பின்பக்கம் போதும்.

"மேசையில கெடந்த தாளெல்லாம் ஒங்க ஃபைலுக்குள்ள வச்சேனே."

அந்த ஃபைல் காலையிலேயே தோட்ட மேனேஜரான துரையின் பங்களாவுக்குப் போய்விட்டது. தாளின் முன்பக்கம், தோட்டத்து ஏழாம் நம்பர் மலையின் அச்சடித்த வரைபடம். பின்பக்கம், அவனுடைய முத்தான கையெழுத்து: 'கீழே படி. காவல்காரன் திரும்பியதும் ஓடவும். நீலக்கல் இங்கே.'

மாணிக்கக் கல் தோண்டும் இரத்தினபுரிப் பக்கத்தில் வேறென்ன நினைப்பார்கள்? திருட்டு மாணிக்கக் குழி என்றால் வேலையும் போகும், குவாட்டர்ஸும் போகும். லோஜினிக்கோ இது எட்டாம் மாதம்.

போன் அடித்தது. துரைதான். "கஜேந்திரன், ஒடனே பங்களாவுக்கு வாங்க."

துரை முதலில் ஜன்னலைச் சாத்தினார். பிறகு தாளை நீட்டினார். "இது என்ன?"

"கான் வெட்டுற பிளான் சேர். மழைத்தண்ணி போக."

"தண்ணி போறதுக்குக் காவல்காரன் எதுக்கு?"

பொய் இரண்டு வரிகூடத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றியது. அதுதான் வினை.

"வெளையாட்டு சேர். குகைக்குள்ள எறங்கிக் கல்லு எடுக்கிறது."

"எத்தன பேரு?"

"அஞ்சு பேரு சேர். அதுல ஒருத்தர் மந்திரவாதி."

"பூசையும் போட்டாச்சா!" துரை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தில் பூசை போடாமல் யாரும் குழி வெட்டுவதில்லை.

"புதுசு இல்ல சேர், பழசுதான். இப்ப திரும்ப வந்திருக்கு. முந்தி சும்மா எறங்கி வெட்டிக்கிட்டே போவோம். இப்ப ஒரு கதையும் சேத்திருக்காங்க."

"யாரும் கேட்டா சொல்றதுக்கா?"

"ஐயோ, இல்ல சேர்! சாமான் வீட்டுலதான் இருக்கு. கொண்டாந்து காட்டுறேனே."

"ஒரு சாமானும் பங்களாப் பக்கம் வரக்கூடாது!" துரையின் நெற்றி வியர்த்தது. "வேற யாருக்குத் தெரியும்?"

"கட்டார்ல இருக்கிற மச்சானுக்கு மட்டுந்தான். அவரு எட்டாந் தட்டு வரைக்கும் எறங்கிட்டாரு."

துரை கண்களை மூடிக்கொண்டார். "நீங்க வீட்டுக்குப் போங்க."

வீட்டில் கஜேந்திரன் பெட்டியை இழுத்துப் போட்டு, மடிக்காத சட்டைகளைத் திணித்தான்.

"எங்கம்மா வீட்டுக்கா போறோம்?" என்றாள் லோஜினி. "வேலை எங்கன்னு கேட்டா, மாப்பிள்ள இளவரசியக் காப்பாத்தப் போயித் தொலைச்சிட்டாருன்னு சொல்லவா?"

அவள் கண் கலங்கியிருந்தது. குழந்தைக்கென்று வாங்கிய சின்னத் தொட்டிலை எப்படிக் கழற்றுவது என்று அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

கதவு தட்டப்பட்டது. பங்களாச் சமையல்காரர் பழனிமுத்து. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கிளாக்கரையா, தொர கேட்டுட்டு வரச் சொன்னாருங்க. ஏழாம் நம்பர்ல அவரு வெட்டுற குழியில, ஒங்களுக்குக் கால் பங்கு போதுங்களா?"