ஒரு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே

பிரிட்டன் தன் பவுண்டை விட்டுவிட்டு ஐரோப்பாவின் பொதுப் பணத்தில் சேருமா, சேராதா என்று லண்டனில் இருந்தவர்களைவிட அதிகமாகக் கவலைப்பட்டவர், கொல்லிமலையில் குண்டூர் நாடு என்கிற பகுதியில் மிளகு பயிரிட்டுக்கொண்டிருந்தார். லண்டன்காரர் என்றால் மலையில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டு நாய்க்கே அடையாளம் தெரியாது. நாமக்கல் ஆஸ்பத்திரியைத் தாண்டி அவர் எங்கும் போனதில்லை. ஆனால் லண்டனிலிருந்து ரேடியோவில் வரும் தமிழ்ச் செய்தியை ஒருநாளும் விட்டதில்லை.

நான் அப்போது மிளகு விவசாயிகள் சங்கத்தில் எழுத்தர். சங்கம் புதியது. அதுவரை ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் மிளகு மூட்டைகள் இருக்கும். பணம் தேவைப்படும் அன்று ஒன்றை இறக்கி வியாபாரியிடம் போடுவார்கள். மிளகு எத்தனை மாதம் வைத்தாலும் கெடாது என்பதால் அதுதான் அவர்களுக்கு வங்கி. சங்கம் வந்ததும் எல்லா மூட்டையும் ஒரே கிடங்குக்கு வர வேண்டும், விலையைக் கூட்டம் முடிவு செய்யும் என்று ஏற்பாடாயிற்று. நல்ல ஏற்பாடுதான். வியாபாரிகள் ஆளுக்கொரு விலை சொல்லி ஏமாற்றுவது நின்றது.

எல்லோரும் சேர்ந்தார்கள். லண்டன்காரர் சேரவில்லை.

“இங்கிலாந்து என்ன பண்ணுதுன்னு பாத்துக்கறனுங்க” என்றார்.

ஐந்து பரீட்சையில் தேறினால்தான் பொதுப் பணத்தில் சேர்வோம் என்று அந்த நாட்டு நிதியமைச்சர் சொல்லியிருந்தார். லண்டன்காரரும் சங்கத்துக்கு ஐந்து பரீட்சை வைத்தார். கிடங்கு ஒழுகக் கூடாது. தராசை மாதாமாதம் சரிபார்க்க வேண்டும். விற்ற கணக்கைக் கூட்டத்தில் படித்துக்காட்ட வேண்டும். தலைவர் கூட்டத்தில் தூங்கக் கூடாது. இப்படி நான்கு. ஐந்தாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். “நடுவுல அவசரம்னா என்னங்க பண்றது?”

அவர் மனைவிக்கு இளைப்பு. மழைக்காலத்தில் மூச்சு முட்டும். அப்போதெல்லாம் ஒரு மூட்டையை விற்று, வாடகை ஜீப் பிடித்து, அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரத்துக் காரவள்ளி வழியாக ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டால் அந்த மூட்டை கையில் இருக்காது. வானம் கறுத்தாலே அவர் முகமும் கறுப்பது அதனால்தான்.

தலைவர் அவருக்கு மச்சான் முறை. “அவசரம்னா மனு குடு மச்சான். அடுத்த கூட்டத்துல பேசலாம்” என்றார். மூச்சு அடுத்த கூட்டம்வரை காத்திருக்குமா என்று தலைவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

சேரவில்லையே தவிர, ஒரு கூட்டத்துக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. வீட்டிலிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து, கதவைச் சாத்த முடியாதபடி நிலைப்படியில் ஒரு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே இருக்கும்படி போட்டு உட்காருவார். மலைக்குளிர் முழுக்க அந்தத் திறப்பில் உள்ளே வரும்.

“ஏன் மச்சான், ஒண்ணு உள்ள வா. இல்லாட்டி வெளிய போ. காது வலிக்குது” என்பார் தலைவர்.

“இங்கிலாந்தும் இப்பிடித்தான் உக்காந்திருக்குது. அங்க ஆரும் காது வலிக்குதுன்னு சொல்லல.”

ஒருநாள் காலை கலவரமாக வந்தார். பொதுப் பணத்தில் சேர்ந்த நாடுகளின் மந்திரிகள் முதலில் தனியாகக் கூடிப் பேசுகிறார்களாம். சேராத நாட்டுக்காரர் அதன்பிறகுதான் உள்ளே வர வேண்டுமாம். “இங்கிலாந்தை வெளிய நிக்க வெச்சுட்டாங்கங்க” என்று என்னிடம் புலம்பினார். அதோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் தலைவரிடமும் போய்ப் புலம்பினார்.

தலைவருக்கு வழி கிடைத்துவிட்டது. அடுத்த கூட்டத்திலேயே முக்காலியை நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினார். முதல் பாதி அங்கத்தினருக்கு மட்டும். லண்டன்காரரால் மறுத்துப் பேச முடியவில்லை. செய்தி கொண்டுவந்தவரே அவர்தான். சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு முடிவும் ஆயிற்று. வெளி மூட்டை வாங்குகிற வியாபாரிக்குச் சங்கத்து மிளகு கிடையாது.

அந்த ஐப்பசி மழையில் ஒரு கூட்டம். முதல் பாதி நடந்துகொண்டிருந்தது. வெளியே விட்டு விட்டு ஹாரன் கேட்டது. டீ சொல்வதற்காகக் கதவைத் திறந்தேன். முழுக்க நனைந்து லண்டன்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மிளகு மூட்டை. எதிரே ஜீப். பின்சீட்டில் அவர் மனைவி தோள் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வியாபாரி மூட்டையை வாங்க மறுத்திருக்கிறார். டீசலுக்குப் பணமில்லாமல் ஜீப் நகராது. இவர் நேரே சங்கத்துக்கு வந்திருக்கிறார். கதவு சாத்தியிருந்ததால் தட்டவில்லை.

தலைவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“அக்காள ஜீப்புல வெச்சுக்கிட்டா இங்க உக்காந்திருக்கற?”

“மொதப் பாதி முடியட்டும்னுதான் மச்சான்.”

தலைவர் என்னைத் தாண்டி வெளியே வந்தார். மடியிலிருந்த மூட்டையைப் பிடுங்கி என் காலடியில் போட்டார். அவரைத் தள்ளாத குறையாக ஜீப்பில் ஏற்றினார். பையிலிருந்த பணத்தை எடுத்து டிரைவர் கையில் திணித்துவிட்டுத் தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

தலைவர் இல்லாத கூட்டத்தில் யாரும் எழுந்து போகவில்லை. கதவை யாரும் சாத்தவுமில்லை. சாரல் உள்ளே அடித்தது. வாசலில் கிடந்த மூட்டையை நனையாமல் நான் உள்ளே இழுத்து வைத்தேன். சாயங்காலம் மேலே வந்த பஸ்ஸின் கண்டக்டர்தான் சேதி சொன்னார். “அம்மிணிக்கு மூச்சு சீராயிருச்சுங்க. தலைவர் அங்கயே இருக்கறாருங்க. இவருதான் நர்சுகிட்ட இங்கிலாந்தப் பத்திப் பேசிக்கிட்டிருக்கறாரு.”

அடுத்த கூட்டத்தில் தலைவரே எழுந்தார். வீட்டுக்கு ஒரு மூட்டை வீட்டிலேயே இருக்கட்டும், அதை எப்போது கொண்டுவந்தாலும் வியாபாரி வாங்க வேண்டும் என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. இனிமேல் கதவைச் சாத்த வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, காதில் மப்ளரைச் சுற்றிக்கொண்டார்.

அடுத்த பறிப்பு முடிந்ததும் தலைவர் கேட்டார். “அஞ்சும் தேறியாச்சு மச்சான். இப்பவாச்சும் சேரலாமல்ல?”

“இங்க அஞ்சும் தேறியாச்சு. அங்க ஒண்ணுதான் தேறுச்சாமா. ரேடியோல சொன்னாங்க. பொறுங்க, பாக்கலாம்.”

கூட்டத்துக்கு முன் நாற்காலிகளை நூல் பிடித்தாற்போல் வரிசையாகப் போடுவது என் வேலை. கடைசியாக அந்த முக்காலியை எடுத்து, ஒரு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே போட்டுவைப்பேன். போடும்போது ஒரு விரற்கடை உள்ளே தள்ளிப் போடுவேன். அவர் வந்ததும் ஒரு விரற்கடை வெளியே இழுத்துக்கொள்வார். அவர் இழுக்கும் சத்தம் கேட்கும்வரை நான் கூட்டக் குறிப்பைத் தொடங்குவதில்லை.