மன்றாட்டு மாலையில் ஒரு புறக்கண்ணி

நனைந்த பருத்தி நூலின் வாடை மூக்கில் ஏறினால் போதும், இன்றும் என் காது மடல் சூடாகிவிடும். பினாங்குத் துறைமுகத்தில், கொப்பரை நெடிக்கு நடுவே, சரக்குக் கிட்டங்கியில் கணக்கெழுதும் எழுத்தனாக இருந்துகொண்டு கவிதையும் எழுதிய காலம் அது. எழுதும் விரலுக்கு எதுவும் வசப்படும் என்று ஊரெல்லாம் பேச்சு. (பேசியவன் நான் ஒருவன்தான்.)

என் மனைவி பிலோமினா தலைப்பிரசவத்துக்கு நாகப்பட்டினம் கப்பல் ஏறவிருந்தாள். பிள்ளைக்கு அமுதன் அல்லது அமுதா என்று பெயர் வைக்க எனக்கு ஆசை. அவளுக்கோ அவள் அப்பாவின் பெயர்: சூசை. பெண்ணென்றால் சூசையம்மாள்.

அவள் இரண்டு ஊசிகளால் நூல் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு நாள், "இதென்ன பெரிய வித்தை?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"அப்படியா? பிள்ளைக்கு முகம் துடைக்க ஒரு துணி, வரப்பு வரப்பா, நீங்களே பின்னுங்க. கப்பல் கிளம்பறதுக்குள்ள முடிச்சா உங்க பேரு. இல்லன்னா எங்கப்பா பேரு."

ஒரு வரி முழுக்க நேர்க்கண்ணி. திரும்பும் வரியில் நூலைப் பின்னால் வைத்து ஒரு நேர்க்கண்ணி, முன்னால் கொண்டுவந்து ஒரு புறக்கண்ணி, மாற்றி மாற்றி. அப்போதுதான் வரப்பு எழும்பும். எனக்கு எழும்பியது முடிச்சுதான்.

"மீன் வலையா பின்றீங்க?" என்றாள்.

சாயங்கால ஜெபமாலையில்தான் வழி திறந்தது. அவள் ஜெபத்தின் முதல் பாதியைச் சொல்வாள். நான் மறுபாதியைச் சொல்வேன். திரும்பும் வரியில் அவள் பாதிக்கு நேர்க்கண்ணி, என் பாதிக்குப் புறக்கண்ணி! முழங்காலில் நின்றபடியே பின்னினேன். வரப்பு, அய்யா, வரப்பு! உழுத நிலம் என் விரலுக்கடியில் விரிந்தது.

ஆனால் ஜெபமாலை முடிந்ததும் மன்றாட்டு மாலை வருமே! புனிதர்களைப் பிலோமினா மூச்சுவிடாமல் அழைப்பாள். ஒவ்வொருவருக்கும் நான் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற அதே பதிலைச் சொல்ல வேண்டும். கை பறக்கும், கண்ணி இறுகும். கம்பளி நூல் இழுத்தால் நீளும்; பருத்தி நீளாது. தினமும் அகலமாகத் தொடங்கிய துணி இடுப்பு சிறுத்து முடிந்தது. போகப்போக அது கணு கணுவாகக் கரும்பு போல வளர்ந்தது.

கப்பலுக்கு முந்தின மாலை, வழியனுப்பும் ஜெபத்துக்கு அக்கம்பக்கமே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. துணியில் இன்னும் ஒரு விரற்கடை பாக்கி. கைமேல் துண்டைப் போர்த்தி, அதனடியில் ஊசிகளை ஓட்டினேன். வீட்டுக்காரன் என்பதால் பதிலை முதலில் ஓங்கிச் சொல்ல வேண்டியவனும் நான்தான். பிலோமினா ஒரு புனிதரை அழைத்தாள். நான் கணீரென்று சொன்னேன்:

"புறக்கண்ணி!"

அதோடு போயிருக்கலாம். பாதித் தூக்கத்திலிருந்த பக்கத்து வீட்டுச் சவேரி அண்ணன் பக்தியோடு, "புறக்கண்ணி" என்றார். பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. நான் திடுக்கிட்டதில் துண்டு நழுவியது. நூலுருண்டை உருண்டோடி, ஜெபத்துக்கு வந்திருந்த கோயில் உபதேசியாரின் காலடியில் போய் நின்றது.

சவேரி அண்ணன் விழித்துக்கொண்டு பினாங்குத் தமிழில் கேட்டார். "ஏன் தம்பி, பதிலை மாத்திட்டாங்களா? ஞாயித்துக்கிழமை பூசையில சாமியார் சொல்லவே இல்லையே லா!"

(இப்போதும் வீட்டில் மன்றாட்டு மாலை தொடங்கினால் என் பிள்ளைகள் சுரூபத்தைப் பார்ப்பதில்லை, என்னைத்தான் பார்க்கிறார்கள்.)

ஓடி ஒளிந்திருக்க வேண்டியவன் ஒளியவில்லை. சிரிப்புக்கு நடுவே, எல்லோர் கண்ணெதிரிலும் மிச்சத்தைப் பின்னி முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன். என் எந்தக் கவிதைக்கும் அத்தனை பேர் கூடியதில்லை.

மறுநாள் துறையில், கப்பலுக்குப் போகும் சம்பான் படகில் ஏறுமுன், பிலோமினா துணியை விரித்துப் பார்த்தாள்.

"முகம் துடைக்கவா, கடிச்சுத் திங்கவா?" என்றாள். பிறகு வரப்புகளின்மேல் மெல்ல விரலை ஓட்டினாள். "ஒரு வரப்புகூடத் தப்பலை."

அந்தக் கரும்பு பிறகு மூன்று பிள்ளைகளின் முகம் துடைத்தது. ஒரு கண்ணியும் அவிழவில்லை. அன்று அதெல்லாம் யாருக்குத் தெரியும்? நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். சம்பான் நகர்ந்தது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கத்தினாள்:

"பேரு நீங்களே வைங்க! ஆனா ஞானஸ்நானத்துக்கு வந்தீங்கன்னா, சாமியார் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லிடாதீங்க!"