பம்ப் லைனில் யாரோ இருக்கிறார்கள்

விம்கோ நகர்,
ஞாயிறு.

மதிப்பிற்குரிய பொன்ராஜ் சித்தப்பாவுக்கு,

ராமசெல்வி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீங்கள் எனக்குக் குடியிருக்கக் கொடுத்த வீடும் நலம். அது இருக்கும் கட்டடம்தான் நலமாக இல்லை. சாத்தூரில் நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் ‘எபினேசர்’ என்றதுமே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம்.

நம் சங்கச் செயலாளர் எபினேசர் அண்ணன் போன வாரம் குரூப்பில் ஒரு செய்தி போட்டார்: நாளைக் காலை தீயணைப்பு பம்ப் சோதனை, எல்லாரும் ஏசி, கிரைண்டர், கீசரை அணைத்து ஒத்துழைக்கவும். எனக்கு அப்போதே சந்தேகம். நிஜமாகவே தீப்பிடித்தால் வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டி, கொஞ்சம் மாவு அரைக்கிறத நிறுத்துங்க என்று கேட்பார்களா? சரியென்று எல்லாரும் அணைத்தோம். பம்ப் ஒருமுறை உறுமியது, மெயின் ட்ரிப் ஆகி மொத்தக் கட்டடமும் இருண்டது, லிஃப்ட் நடுவில் நின்றது, உள்ளே மாவு வியாபாரம் செய்யும் பூமாரி அக்கா வாளியோடு மாட்டிக்கொண்டு, மாவு பொங்குறதுக்குள்ள இறக்கி விடுங்கப்பா என்று கத்தினார்.

பிறகு எபினேசர் அண்ணன் ராயபுரத்திலிருந்து தஹ்சீன் என்ற கான்ட்ராக்டரைக் கூட்டிவந்தார். கையில் தடித்த தங்கச் செயின். கட்டடத்தின் மெயின் சுவிட்சுக்கு முன்பிருந்தே பம்புக்குத் தனி லைன் வேண்டுமாம். தீயணைப்புக்காரர்கள் வந்து கரண்டை நிறுத்தினாலும் பம்ப் ஓட வேண்டுமே. அதுவும் தடித்த கேபிள். பம்ப் ஓடும்போது இழுக்கும் கரண்டைப்போல ஆறு மடங்கு கிளம்பும்போது இழுக்குமாம். உங்களைப் போலவே நானும் நினைத்தேன்: கீழ்த்தளத்தில் எபினேசர் அண்ணனின் தெர்மாகோல் பெட்டிக் கிடங்கு இருக்கிறதே, காசிமேட்டு மீனுக்குப் போகிற பெட்டிகள், அங்கே ஐஸ் மிஷின் வைக்கத்தான் இந்த ஏற்பாடோ? இதைவிடச் சந்தேகமானது இன்னொன்று. பம்ப் சிக்கித் திணறினாலும் லைன் ட்ரிப் ஆகக் கூடாதாம், கேபிள் அத்தனையையும் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். மோட்டார் எரிந்துபோகுமே என்றேன்.

“எரியட்டும்மா. வூடு எரியக் கூடாதில்ல?” என்றார் தஹ்சீன்.

விதிகளை நானே தேடிப் படித்துப் பார்த்தேன், சித்தப்பா. உண்மைதான். மிக்சிக்குக்கூடத் தன்னைக் காத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறோம். இந்த மோட்டாரிடம் மட்டும், நீ போனாலும் பரவாயில்லை என்கிறோம். எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை வந்தது. எபினேசர் அண்ணன்மேல் வரவில்லை.

ஏனென்றால் நேற்று மதியம் தஹ்சீன் பம்ப் லைனில் மீட்டரை மாட்டிப் பார்த்தார். பம்ப் நின்றுகிடக்கிறது, லைனில் கரண்ட் ஓடுகிறது. இன்னாபா இது, பம்ப்பு தூங்குது, கரண்ட்டு நடந்துகினு கீது என்று சிரித்தார். அது பொது மீட்டரில் ஏறுகிற லைன். யாரோ கொக்கி போட்டு ஓசியில் இழுக்கிறார்கள். நான் எபினேசர் அண்ணனைப் பார்த்தேன், அவர் பூமாரி அக்காவைப் பார்த்தார், அக்கா கிடங்குக் கதவைப் பார்த்தார். யார் முகத்திலும் யோக்கியக் களையே இல்லை.

ஆனால் கொக்கியை எடுத்தாலும் இந்த லைன் பம்பைக் கிளப்பாது என்று தஹ்சீன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். கீழே தெர்மாகோல் மலை, அதன் தலைமேல் நாங்கள் எல்லாரும் தூங்குகிறோம். வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் சம்மதித்தால்தான் சங்கம் புதிய லைன் கேட்டு மின்வாரியத்துக்கு எழுத முடியும். உங்கள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தயவுசெய்து போட்டு அனுப்புங்கள். கொக்கிக்காரரை நான் பார்த்துக்கொள்கிறேன். யாராக இருந்தாலும் முகம் பார்க்கப் போவதில்லை.

சித்தியின் முழங்கால் வலி குறையவும் உங்கள் கோபம் அதற்கு முன்பே குறையவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்பு மகள் முறை,
ராமசெல்வி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் தஹ்சீன் கொக்கியிலிருந்து போன கம்பியைப் பிடித்துக்கொண்டே மாடியேறினார், நாங்கள் எல்லாரும் பின்னால். கிடங்கைத் தாண்டினார். பூமாரி அக்கா வீட்டையும் தாண்டினார். நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். கம்பி போய் முடிந்த இடம், போன கோடையில் நீங்கள் ஆள் வைத்து மாட்டிக்கொடுத்த ஏசி. நேற்று அதை அணைக்காமலே கீழே ஓடிவந்து மற்றவர்கள் முகத்தை ஆராய்ந்தவள் நான்தான். எபினேசர் அண்ணன் சத்தமே போடவில்லை. “உங்க சித்தப்பா ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்காருன்னு இவ்வளவு நாளா யோசிச்சிக்கிட்டே இருந்தேம்மா” என்றார். சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து சித்தி போட வேண்டும். இத்தனை நாள் ஏன் போடவில்லை என்று கேட்பார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.