எல்லோரையும் காதலித்த நீர்நாய்

ஒரு காட்டில் ஒரு வீடியோ கேம் கம்பெனி இருந்தது. அங்கே புலியும் மானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தன. ஒற்றுமை, நட்பு என்றெல்லாம் ஒன்றுமில்லை. மாதச் சம்பளத்துக்கு வந்துவிட்ட புலிக்கு யாரையும் கடிக்கத் தெம்பு இருப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலாளி மகுடபதி என்கிற கரடி. திங்கட்கிழமை தோறும் எல்லோரையும் நிற்க வைத்து, "நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்பார். சொல்லிவிட்டு அந்தக் குடும்பத்தை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொல்வார்.

அந்தக் கம்பெனியில் கேம்களுக்கு வசனம் எழுதுகிறவள் முத்தழகி என்கிற முள்ளம்பன்றி. கோபம் வந்தால் அவள் முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டு சலசலவென்று சத்தம் போடும். அதனால் அவளுக்குத் தூணோரமாய்த் தனி மேஜை போட்டிருந்தார்கள். பெரும்பாலும் அவள் வாயைத் திறப்பதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பாத்திரங்கள் வாயில் போட்டுவிடுவாள்.

அந்த வருஷம் கம்பெனி செய்துகொண்டிருந்த கேமின் பெயர் 'ஏழு குன்றத்துப் போர்'. ஆடுகிறவர் ஆண் வீரனாகவோ பெண் வீராங்கனையாகவோ வேஷம் கட்டிக்கொண்டு போருக்குப் போகலாம். ஐந்து தோழர்கள் கூடவே வருவார்கள். வழியில் கூடாரம் போடும்போது அவர்களோடு பேசலாம், பரிசு கொடுக்கலாம். மனசு ஒத்துப்போனால் காதலும் வரும்.

ஐந்து தோழர்களில் ஒருவன் கயலன். நீர்நாய், வில்லாளி. அவன் மனசு ஆண்கள் பக்கம்தான் போகும். முத்தழகி அவனை அப்படித்தான் எழுதினாள். ஒரு வீராங்கனை பூவோடு வந்து நின்றால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வான்: "தங்கச்சி, நீ தங்கமான பொண்ணு. ஆனா நான் பொண்ணுங்களைக் காதலிக்கிறவன் இல்ல. உன்மேல ஒரு குறையும் இல்ல. வா, மீன் சுட்டுத் தரேன்."

இந்த நாலு வரியை அவள் பத்தொன்பது முறை அடித்து அடித்து எழுதினாள். காரணம் இருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க ஒரு முள்ளம்பன்றி வந்திருந்தான். நல்ல பையன். அவனிடம் இப்படி நாலு வரி சொல்லத் தெரியாமல் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் மூஞ்சிதான் அவளுக்குப் பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு அவன் போய்விட்டான். அன்று தனக்கு வராத வார்த்தையைக் கயலனுக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

கேம் வெளியானது. மறுநாளே கடிதங்கள் மூட்டை மூட்டையாய் வந்து இறங்கின.

ஒரு புள்ளிமான் எழுதியிருந்தாள்: "நான் அவனுக்குப் பதினோரு கூடை மீன் கொடுத்தேன். அதற்குப் பிறகும் தங்கச்சி என்கிறான். மீனை வாங்கும்போது சொல்லியிருக்கலாமே?"

குரங்குகள் கூட்டமாய்க் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தன: "நாங்கள் ஆண்கள். கூடாரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம். கயலன் எங்களைப் பார்த்து 'குளிருதா?' என்று கேட்டான். எங்கள் மானம் என்ன ஆவது?"

மூட்டையின் அடியில் ஒரு காட்டாட்டுப் பையனின் கடிதம் கிடந்தது. "என் அக்காவின் வீராங்கனையிடம் முடியாது என்று சொன்ன கயலன், என் வீரனிடம் சரி என்று சொன்னான். யாருக்கோ முடியாது என்று சொல்கிறவன் எனக்குச் சரி என்றால், அந்தச் சரி எனக்கே எனக்கானது, இல்லையா?" முத்தழகி அதை மட்டும் எடுத்து மேஜை டிராயரில் வைத்துக்கொண்டாள்.

கரடி அவசரக் கூட்டம் போட்டார். விளம்பரத் துறை மயில் ஒய்யாரநாதன் தோகையை ஒதுக்கிக்கொண்டு எழுந்தான்.

"சார், பிரச்சினை என்னன்னா கயலனோட பாலீர்ப்பு."

"பாலீர்ப்பா? அது பூனைக்குத்தானே இருக்கும்?"

"அந்தப் பால் இல்ல சார். ஆண்பால் பெண்பால். யார் யார் மேல ஆசைப்படறாங்கங்கற விஷயம்."

"அவன் யார் மேல ஆசைப்பட்டா நமக்கென்ன? வாங்கினவங்க எல்லார் மேலயும் ஆசைப்படச் சொல்லு."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் சார். மெனுவுல ஒரு ஸ்விட்ச். ஆடறவங்க ஆணோ பெண்ணோ, கயலன் அவங்களுக்குத் தகுந்த மாதிரி மாறிக்குவான். யாரையும் ஒதுக்காத கேம்னு பெரிசா போஸ்டர் ஒட்டலாம்."

தூணோரத்தில் சலசலவென்று சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள்.

"சார், முடியாதுன்னு சொல்ல முடிஞ்சாத்தான் அது கயலன்" என்றாள் முத்தழகி. "யாரு வந்தாலும் சரின்னு தலையாட்டினா அவனுக்குன்னு ஒரு மனசே இல்லையே."

"முத்தழகி, கயலன் ஆள் இல்லம்மா. அவன் ஒரு வசதி. காத்தாடி மாதிரி. யார் போட்டாலும் சுத்தணும். நாளைக்குள்ள மாத்திடு."

வேலை போய்விடக் கூடாதே என்று மாற்றினாள். ஸ்விட்ச் வைப்பதற்காக, எதிரே நிற்பது யார் என்று கயலன் பார்க்கிற இடத்தைக் கேமிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எடுத்ததும் அவன் எதிரே நின்ற எல்லாவற்றையும் காதலிக்க ஆரம்பித்தான். புள்ளிமானைக் காதலித்தான். குரங்குகளைக் காதலித்தான். வழியிலிருந்த மைல்கல் முன்னால் மண்டி போட்டு, "உன் மௌனம் என்னைக் கொல்லுது" என்றான். கடைசிப் போரில் எதிரிப் படைத்தலைவனான காட்டெருமையிடம் போய்க் காதலைச் சொல்ல, காட்டெருமையும் தோழர்களைச் செய்த அதே அச்சில் செய்யப்பட்டவன் என்பதால் சம்மதித்துவிட்டான். போர் நின்றுபோனது. நாற்பது மணி நேரக் கேம் ரெண்டு மணி நேரத்தில் முடிந்தது. ஒய்யாரநாதன் அதைப் 'புரட்சிகரமான முடிவு' என்று விளம்பரம் செய்தான்.

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காட்டில் ஆணும் ஆணும் காதலிப்பதைக் காட்டத் தடை. அந்தக் காட்டுக்கு அனுப்பிய கேமில் 'காதல்' என்று வந்த இடத்திலெல்லாம் 'மரியாதை' என்று மாற்றினார்கள். "உன்மேல் எனக்கு அடங்காத மரியாதை அண்ணா, சாப்பாடு இறங்கவில்லை" என்றான் கயலன். முத்தத்துக்குப் பதிலாகக் கைகுலுக்கல் வைத்தார்கள். அது நாற்பது விநாடி நீடித்தது. அக்கரைப் பிள்ளைகள் விவரமானவர்கள். அன்றிலிருந்து அங்கே யாராவது "உங்கள்மேல் மரியாதை" என்று சொன்னால் கேட்பவர் முகம் சிவக்கிறதாம்.

இத்தனைக்கும் சேர்த்து, 'எல்லா அன்பையும் மதிக்கும் நிறுவனம்' என்று கம்பெனிக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கரடி மேடையேறி, "அன்புக்கு வேலி கிடையாது" என்று பேசினார். பேச்சை எழுதிக் கொடுத்தவள் முத்தழகி.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே முத்தழகிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தது.

முத்தழகி ஏழு வருஷமாய்ச் செவந்தி என்கிற அழுங்கோடு வாழ்கிறாள். அழுங்கு தெரியுமல்லவா, உடம்பெல்லாம் செதில், எறும்பும் கரையானும் தின்கிற பிராணி. பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். முள்ளம்பன்றியைக் கட்டிப்பிடிக்க அந்தக் காட்டில் வேறு யாராலும் முடியாது. செவந்திக்கு முடியும். செதில்மேல் முள் குத்தாது. இந்த விஷயத்தை முத்தழகி ஆபீசில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

செவந்திக்குப் புற்று உடைக்கிற வேலை. அன்று ஒரு பெரிய புற்று சரிந்து அவள் பின்னங்காலை முறித்துவிட்டது.

முத்தழகி நேரே விலங்குவளத் துறைக்கு ஓடினாள். அங்கே இருந்தவர் பொறுமைநாயகி என்கிற ஆமை. வயது நூற்று நாற்பது. கம்பெனி விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே ஜீவன். அவருக்குத்தான் நேரம் இருந்தது.

"அக்கா, துணைப் பராமரிப்பு விடுப்பு பத்து நாள் இருக்குல்ல? எனக்கு வேணும்."

ஆமை கழுத்தை நீட்டிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "நீ பெண். அப்ப துணை கணவர். கணவர் பேரு என்னம்மா?"

"செவந்தி."

"பெண் பேரா இருக்கே?"

"பெண்தான்."

ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லம்மா" என்றார். "அறைத்தோழின்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு அரை நாள் விடுப்பு. அதுவும் அறைத்தோழி இறந்துபோயிருந்தாத்தான்."

விழா முடிந்து திரும்பியிருந்த கரடியின் அறைக்கு முத்தழகி போனாள். கேடயம் மேஜையில் பளபளத்துக்கொண்டிருந்தது. ஏழு வருஷமாய்ச் சொல்லாததை மூன்றே வாக்கியத்தில் சொன்னாள்.

கரடி பதறவில்லை, திட்டவுமில்லை. ரொம்ப அன்பாகத்தான் பேசினார்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் பரந்த மனசுக்காரன். ஆனா ஆபீஸ்ல நாலு பேர் இருக்காங்க."

"கேம்ல ஒரு ஸ்விட்ச் வெச்சீங்களே சார், இந்தப் படிவத்துல ஒரு கட்டம் வைக்கக் கூடாதா?"

"கேம் கற்பனைம்மா. கற்பனையில நாம ரொம்ப முற்போக்கு. இது நிஜம். நிஜத்துல அவசரப்படக் கூடாது. அக்கான்னு எழுதிக் குடு, ரெண்டு நாள் தரேன்."

"அவ என் அக்கா இல்ல சார்."

"சரி, தங்கச்சி."

அவள் வெளியே வந்தபோது முள்ளெல்லாம் படிந்து, நனைந்த துடைப்பம்போல் இருந்தாள். வாசலில் ஆமை காத்திருந்தார். தன் மேஜையிலிருந்து அதுவரை நடந்து வர அவருக்கு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

"இருநூத்துப் பன்னெண்டாம் விதி" என்றார். "புதுப் பாத்திரம் எழுதறவங்க, அந்தப் பாத்திரத்துக்கு மூலமானவங்களை நேர்ல கவனிக்க எத்தனை நாள் வேணும்னாலும் வெளியே போகலாம். செவந்தியைப் பாத்திரம்னு எழுதிக் குடுத்துடு."

முத்தழகிக்கு அழுகை வந்தது. தன் வீட்டு மனுஷியின் பக்கத்தில் உட்கார, ஆராய்ச்சி என்று சொல்ல வேண்டியிருக்கிறதே. ஆனால் ஆஸ்பத்திரியில் செவந்தி தனியாகக் கிடந்தாள். எழுதிக் கொடுத்தாள்: 'புதுப் பாத்திரம். அழுங்கு வீராங்கனை. கால் முறிந்தவள்.' ஒய்யாரநாதன் துள்ளினான். "உடைஞ்ச கால்! பிரமாதமா விக்கும்!" கரடி உடனே கையெழுத்துப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் செவந்தி பந்தாகச் சுருண்டிருந்தாள். மருந்து கொடுக்க வந்தவர்களுக்கு அவள் வாய் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

"நான்தான்" என்றாள் முத்தழகி. பந்து மெல்ல விரிந்தது.

"வந்துட்டியா? லீவு எப்படிக் குடுத்தாங்க?"

"நீ கற்பனைன்னு எழுதிக் குடுத்தேன்."

செவந்தி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கால் வலித்தது. "இதை இந்தக் கால்கிட்ட சொல்லு, கற்பனையா வலிக்கட்டும்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப உங்க கேம்ல நானும் போறவன் வர்றவனையெல்லாம் காதலிக்கணுமா?"

"அதுதான் இப்ப விதி."

"என்னால முடியாது. யாரு வந்து கேட்டாலும், வீட்ல ஆள் இருக்குன்னு சொல்லிடு."

முத்தழகி அப்படியே எழுதினாள். செவந்தி என்ற பெயரிலேயே கேமில் வந்த அழுங்கு வீராங்கனை ஆணுக்கும் மசியவில்லை, பெண்ணுக்கும் மசியவில்லை. எத்தனை கூடை கரையான் கொடுத்தாலும் வாங்கித் தின்றுவிட்டு, "வீட்ல ஆள் இருக்கு" என்றாள். கரடி கோபமாகக் கூப்பிட்டனுப்பியபோது முத்தழகி தயாராக இருந்தாள்.

"அது மறுப்பு இல்ல சார். ரொம்பக் கஷ்டமான லெவல்."

மறுப்பு என்றபோது புரியாதது லெவல் என்றதும் கரடிக்குப் புரிந்துவிட்டது. குரங்குகள் மூன்று மாதம் தூங்காமல் முட்டிப் பார்த்தன. கேம் முன்பைவிட ரெண்டு மடங்கு விற்றது.

அதற்குள் கம்பெனிக்குள்ளேயே ஒரு போராட்டம் கிளம்பியது. அங்கே வேலை பார்க்கிற குரங்குகளில் பல, மானம் போச்சு என்று கையெழுத்துப் போட்டவைதான், இப்போது கயலனோடு கேமுக்குள் கல்யாணமே முடித்திருந்தன. கயலன் வழிச் சண்டையில் காயம்பட்டுக் கிடக்கும்போது தங்களால் ஆபீசில் மனசு ஒன்றி வேலை செய்ய முடியவில்லை என்று மனு கொடுத்தன. கரடி அதைப் படித்துக் கண்கலங்கிப்போனார். கற்பனையில் அவர் முற்போக்கு அல்லவா? ஒரே நாளில் படிவம் மாறியது. கணவர், மனைவி என்ற கட்டங்களுக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் வந்தது: 'விளையாட்டுப் பாத்திரம்.'

முதல் நாளே பதினோரு குரங்குகள் கயலனைத் துணையாகப் பதிந்து விடுப்பு வாங்கிக்கொண்டு போயின. பன்னிரண்டாவதாக வரிசையில் நின்றவள் முத்தழகி. செவந்திக்குக் காலில் இன்னொரு அறுவைச் சிகிச்சை இருந்தது; பாத்திரத்தை எழுதி முடித்துவிட்டதால் பழைய விதி இனி உதவாது.

"துணையோட பேரு?" என்றார் ஆமை.

"செவந்தி."

ஆமை கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "கேக்கணும்னு விதிம்மா. நிஜமா, கற்பனையா?"

முத்தழகியின் முள் ஒவ்வொன்றாக எழுந்தது. பின்னால் நின்ற வரிசை பத்தடி விலகியது. அவள் மேஜையைப் பார்த்தாள், முத்திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"கற்பனை."

டப்பென்று முத்திரை விழுந்தது. பத்து நாள்.

வெளியே மரத்தடியில் செவந்தி ஊன்றுகோலில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. சட்டப்படி இனிமே நீ இல்ல."

"இல்லாதவளுக்குப் பசிக்குது" என்றாள் செவந்தி. "நட, போகலாம்."

நீதி: யாரை வேண்டுமானாலும் காதலியுங்கள், காடு தடுக்காது, அந்த ஆள் உயிரோடு இருப்பதை மட்டும் ஆபீசில் சொல்லிவிடாதீர்கள்.